வீட்டின் படமும் விருந்தினர் நம்பிக்கையும்

விருந்தினர் வருகின்றார் என்று அறிந்ததும் வீட்டைப் பெருக்கி, முற்றத்துக்கு நீர் தெளித்து, விறாந்தையில் கதிரைகளை ஒழுங்குபட இட்டு வைப்பது இந்நாட்டு மக்களின் நெடுநாள் வழக்கம். வருபவர் படலையைத் திறக்கும்போது வீட்டின் முகம் மலர்ந்திருக்க வேண்டும் என்பது அவ்வழக்கத்தின் கருத்து. ஆனால், பணம் கொடுத்துச் சில நாள் தங்க வரும் விருந்தினர் இக்காலத்தில் படலைக்கு வருமுன்னரே வீட்டினுள் புகுந்துவிடுகின்றார். ஜேர்மனியிலோ கனடாவிலோ தம் இல்லத்தில் அமர்ந்தவாறு, கைத்தொலைபேசியின் சிறு திரையில், படுக்கையறை முதற் கிணற்றடி வரை யாவற்றையும் பார்த்துவிடுகின்றார். மனம் ஒப்பினால் அப்பொழுதே பணஞ் செலுத்தி இடத்தை உறுதி செய்கின்றார். ஒப்பாவிடின் அடுத்த வீட்டைப் பார்க்கின்றார். வீட்டுக்காரர் வாயிலில் நின்று வரவேற்பதற்கு முன்னரே, அவருக்குப் பதிலாக நின்று வரவேற்பது படம்.

அந்தப் படம் எத்தகையதாக இருத்தல் வேண்டும்? இவ்வினா பலருடைய வயிற்றுப்பாட்டோடு சேர்ந்தது. இலங்கைக்கு 2018ஆம் ஆண்டில் 23 இலட்சத்துக்கு மேற்பட்ட உல்லாசப் பிரயாணிகள் வந்தனர். 2019 ஏப்ரல் மாதத்துக் குண்டுவெடிப்புகளும், 2020ஆம் ஆண்டுப் பெருந்தொற்றும், 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியும் அவ்வரவை ஒன்றன்பின் ஒன்றாகத் தாக்கின. 2024ஆம் ஆண்டில் அவ்வெண் மீண்டும் 20 இலட்சத்தைக் கடந்தது. இந்த ஏற்றத்தாழ்வுகளினூடே, வங்கியிற் கடன் பெற்றும், வெளிநாட்டிலுள்ள உறவினர் அனுப்பிய பணத்தைக் கொண்டும், மேல்மாடியையோ பழைய பூர்வீக வீட்டையோ திருத்தி விருந்தினருக்கு விட்ட குடும்பங்கள் பல. பெரிய விடுதிகளுக்கு விளம்பரம் செய்யத் தனிப் பகுதி உண்டு. குடும்பம் நடத்தும் வீட்டுக்கோ இணையத்தளத்தில் இடும் இருபது முப்பது படங்களே விளம்பரம் முழுவதும்.

படத்துக்கும் வாடகைக்கும் உள்ள தொடர்பை உலகுக்கு உணர்த்திய நிகழ்ச்சி ஒன்று நியூயோர்க் நகரில் நடந்தது. 2007ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் சான்பிரான்சிஸ்கோ நகரில் வடிவமைப்பாளர் மாநாடு ஒன்று கூடியபோது, விடுதிகளில் இடம் கிடைக்கவில்லை. வீட்டு வாடகை செலுத்த வழியின்றி இருந்த பிரையன் செஸ்கி, ஜோ கெபியா என்னும் இரு இளைஞர் தம் வீட்டில் மூன்று காற்றுமெத்தைகளை விரித்து மூவருக்குத் தங்க இடமளித்தனர். பின்னர் நேதன் பிளெச்சார்சிக் என்பவரையும் சேர்த்துக்கொண்டு, 2008ஆம் ஆண்டில் அவர்கள் தொடங்கிய நிறுவனமே இன்று உலகெங்கும் அறியப்படும் எயார்பிஎன்பி. ஆயினும் 2009ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அது மூடப்படும் நிலையில் இருந்தது. வாரம் ஒன்றுக்குக் கிடைத்த வருவாய் ஏறத்தாழ 200 டொலர் மாத்திரமே.

காரணம் யாது என ஆராய்ந்தபோது, நியூயோர்க் வீடுகளின் படங்கள் அவர்கள் கண்ணை உறுத்தின. வீட்டுக்காரர்கள் கைத்தொலைபேசியால் அவசரத்தில் எடுத்த படங்கள் அவை. அறைகள் இருண்டிருந்தன; சுவர்கள் சாய்ந்து தோன்றின. முன்பின் அறியாத ஒருவருடைய வீட்டில் இரவு தங்குவதற்கு எவருக்குத்தான் துணிவு வரும்? இளம் நிறுவனங்களுக்கு முதல் வழங்கி அறிவுரை கூறிவந்த போல் கிரஹாம் என்பார், நியூயோர்க்குக்கே சென்று வீட்டுக்காரரைச் சந்திக்குமாறு அவர்களைத் தூண்டினார். அவர்கள் சென்றனர், நல்ல கமரா ஒன்றை வாடகைக்குப் பெற்று, கதவு கதவாகத் தட்டி, வீடுகளைத் தாமே படம் பிடித்தனர். ஒரு வாரத்தில் வருவாய் 200 டொலரிலிருந்து 400 டொலராக இரட்டித்தது என்று கெபியா பிற்காலத்திற் பலமுறை கூறியுள்ளார். தொகை சிறிது, ஆயினும் அது வழி காட்டியது. அடுத்த ஆண்டில் தொழில்முறைப் படப்பிடிப்பாளர்களை வீடுகளுக்கு அனுப்பும் திட்டத்தை நிறுவனம் தொடங்கியது.

அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்து ஆய்வாளர் சிலர் இதனைப் பின்னர் கணக்கிட்டுப் பார்த்தனர். 7,000க்கு மேற்பட்ட வீடுகளை 16 மாத காலம் ஒப்பிட்டு நோக்கிய அவ்வாய்வு, நிறுவனத்தின் படப்பிடிப்பாளர் எடுத்த படங்களை உடைய வீடுகளில், வீட்டுக்காரர் தாமே எடுத்த படங்களை உடையவற்றைக் காட்டிலும் ஏறத்தாழ 9 வீதம் கூடுதலாக விருந்தினர் தங்கினர் என்று கண்டது. அதே வீடு, அதே கட்டில், அதே தெரு. வேறுபட்டது படம் ஒன்றே.

தெளிவான படம் இவ்வளவு பயன் தருமாயின், அதற்கும் அப்பாற் சென்று, வீட்டில் வாழும் வாழ்க்கையையே படத்திற் காட்டினால் என்ன என்ற எண்ணம் இயல்பாக எழுந்தது. லைஃப்ஸ்டைல் போட்டோகிராபி என்று இத்தொழிலார் வழங்கும் முறை இதுவே. தமிழில் இதனை வாழ்க்கைக்காட்சிப் படம் எனலாம். வெறும் மேசையைக் காட்டுவது ஒரு படம். அம்மேசையில் ஆவி பறக்கும் தேநீர்க் கோப்பையும், பாதி வாசித்துக் கவிழ்த்து வைத்த புத்தகமும், யன்னல் வழியே சாய்ந்து விழும் காலை வெயிலும் இருப்பது மற்றொரு படம். முன்னையது மேசையின் நீள அகலத்தைச் சொல்லும். பின்னையது அங்கே ஒரு காலைப்பொழுது எவ்வாறு கழியும் என்பதைச் சொல்லும். விடுமுறைக்கு வருபவர் மேசையை நாடி வருவதில்லை. அந்தக் காலைப்பொழுதை நாடியே வருகின்றார்.

இம்முறை இணையத்தோடு பிறந்ததன்று. அதன் பெருமையையும் அதன் இடரையும் ஒருங்கே காட்டும் படம் ஒன்று, 1960ஆம் ஆண்டு மே மாதம் 9ஆந் திகதி லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் எடுக்கப்பட்டது. ஹொலிவூட் குன்றின் விளிம்பில், எவரும் வீடு கட்டத் துணியாத சரிவு நிலமொன்றை 1954ஆம் ஆண்டில் ஸ்டால் என்னும் குடும்பத்தினர் 13,500 டொலருக்கு வாங்கியிருந்தனர். அதில் பியேர் கோனிக் என்னும் கட்டடக் கலைஞர், கண்ணாடிச் சுவர்களையுடைய வீடொன்றை அந்தரத்திலே தொங்குவதுபோல் அமைத்தார். அதனைப் படம் பிடிக்க வந்தவர் ஜூலியஸ் ஷுல்மன். கட்டடங்களைப் படம் பிடிப்போர் மனிதரை விலக்கிவிட்டுச் சுவரையும் தூணையும் மாத்திரம் எடுப்பது அக்காலத்துப் பொது வழக்கம். ஷுல்மன் இரு இளம் பெண்களைக் கண்ணாடி அறையினுள் இயல்பாக உரையாடும் பாவனையில் அமரச் செய்தார். முதலில் அறையை இருளாக்கி, கீழே பரந்து கிடந்த நகர விளக்குகளின் ஒளியைச் சுருளில் பதிப்பதற்கு ஏறத்தாழ 7 நிமிடம் கமராவைத் திறந்து வைத்தார். பின்னர் மின்வெட்டு விளக்கொளியைப் பாய்ச்சி, அறையையும் பெண்களையும் அதே சுருளிற் பதித்தார்.

அப்படத்தைக் கண்டோர் இரும்பையும் கண்ணாடியையும் எண்ணவில்லை. அந்த மாலையில் தாமும் அங்கே அமர்ந்திருக்க வேண்டுமென விழைந்தனர். 2016ஆம் ஆண்டில் டைம் சஞ்சிகை, உலகில் மிகுந்த செல்வாக்குப் பெற்ற 100 நிழற்படங்களுள் ஒன்றாக அதனைத் தெரிந்தெடுத்தது. விடுமுறை வீடுகளை விளம்பரப்படுத்தும் இன்றைய படங்கள் பலவும் அந்தப் படத்தின் பேரப்பிள்ளைகள் எனினும் தகும்.

ஆனால் அதன் மறுபக்கத்தையும் அறிதல் வேண்டும். அன்று அவ்வீட்டின் வேலை முற்றாக முடிந்திருக்கவில்லை. தளபாடங்கள் படத்துக்கென்றே கொணர்ந்து இடப்பட்டன. அமர்ந்திருந்த பெண்கள் அவ்வீட்டில் வாழ்ந்தவர் அல்லர். ஷுல்மனைப் பற்றிய வேறொரு செய்தியும் உண்டு. புதிதாகக் கட்டிய வீடுகளின் முன்னே மரஞ்செடி இல்லாதவிடத்து, வெட்டிய கிளைகளைக் கமராவுக்கு முன்னாற் பிடிக்கச் செய்து, சோலை நடுவே வீடிருப்பதுபோல் அவர் காட்டுவதுண்டு.

அங்ஙனமாயின், அவர் செய்தது பொய்யா என்று வினவலாம். விடை, படத்தைப் பார்ப்பவர் யார் என்பதைப் பொறுத்தது. ஷுல்மனின் படங்கள் பெரும்பாலும் கட்டடக்கலைச் சஞ்சிகைகளுக்குச் சென்றன. சஞ்சிகையைப் புரட்டுபவர் படத்தை இரசித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குச் செல்வார். பெட்டி படுக்கையோடு அவ்வீட்டுக்கு வந்து இறங்கமாட்டார். விடுமுறை வீட்டின் படத்தைப் பார்ப்பவரோ வந்து இறங்குபவர். படத்திற் கண்ட மரத்தின் நிழலில் அமர்வதற்குக் கதிரையைத் தூக்கிக்கொண்டு போகின்றவர். அங்கே மரம் இல்லையானால், வெட்டிய கிளை அன்று அவருக்குப் பொய்யாகின்றது. எனவே விடுமுறை வீட்டின் படம் ஒரு வாக்குறுதி. இப்படி அமரலாம், இப்படி உண்ணலாம், இப்படி உறங்கலாம் என்று வீட்டுக்காரர் முன்கூட்டிக் கொடுக்கும் வாக்கு அது. படத்தின் ஒழுங்கு முழுவதும் இந்த ஒன்றிலிருந்து பிறக்கின்றது: காட்டியதைக் கொடுத்தல் வேண்டும், கொடுக்கக்கூடியதையே காட்டுதல் வேண்டும்.

இதனை ஓர் இலங்கை வீட்டில் வைத்து நோக்குதல் நலம். யாழ்ப்பாணத்துக் கிராமமொன்றில் ஒரு பழைய நாற்சார் வீடு இருப்பதாகக் கொள்க. நடுவே திறந்த முற்றம்; நாற்புறமும் தாழ்வாரம்; பின்புறம் கிணறு; வளவிலே மாவும் தென்னையும். வீட்டுக்காரர் அதன் இரு அறைகளை விருந்தினருக்கு விட எண்ணுகின்றார். அவர் முதலிற் செய்ய வேண்டியது கமராவை எடுப்பதன்று. ஒருநாள் முழுவதும் அவ்வீட்டில் விருந்தினரைப் போல் இருந்து பார்த்தல் வேண்டும். காலையில் வெயில் எந்த யன்னலால் வருகின்றது? தேநீர் அருந்த இதமான இடம் எது? நண்பகலில் குளிர்ச்சி எந்தத் தாழ்வாரத்தில் தங்குகின்றது? மாலையில் காற்று எப்பக்கமிருந்து வீசுகின்றது? இவ்வினாக்களுக்கு அவர் காணும் விடைகளே எடுக்க வேண்டிய படங்களின் பட்டியல்.

அடுத்தது ஒளி. நாற்சார் வீட்டின் முற்றத்தில் நண்பகல் வெயில் செங்குத்தாக விழும்போது, முற்றம் வெண்மையாகக் கண்ணைக் கூசச் செய்யும். தாழ்வாரம் கரிய இருளாகும். கண்ணுக்கு இசையும் அந்த வேறுபாடு கமராவுக்கு இசையாது. காலை 7 மணி முதல் 9 மணி வரையும், மாலை 4 மணிக்குப் பின்னரும் ஒளி சாய்ந்து மென்மையாக வரும். பகலிற் படம் எடுக்கும்போது அறையின் மின்குமிழ்களை அணைத்துவிடுதல் நன்று. பகலொளி சற்று நீலம் சார்ந்தது. வழக்கமான மஞ்சள் மின்குமிழின் ஒளி செம்மை சார்ந்தது. இரண்டும் கலந்தால் வெள்ளைச் சுவரும் நோயுற்றவர் முகம்போல் நிறம் மாறும். மாலைப் படத்துக்கோ விளக்குகள் வேண்டும். கதிரவன் மறைந்தபின் ஏறத்தாழ 20 நிமிட நேரம், வானத்தின் ஒளியும் வீட்டு விளக்கின் ஒளியும் ஒன்றுக்கொன்று இசைந்து நிற்கும். குன்றின்மேல் ஷுல்மன் நெடுநேரம் காத்திருந்து பெற்ற இசைவை, அந்த நேரத்தில் விறாந்தையிலிருந்து எவரும் பெறலாம்.

கமராவை நான்கு அல்லது ஐந்து அடி உயரத்தில், முன்னும் பின்னும் சாயாமல் நிறுத்தினால் சுவர்களும் தூண்களும் நேராக நிற்கும். கால்தாங்கி இருப்பின் இன்னும் நன்று. விலையுயர்ந்த கருவி இல்லையே என்று கவலுவார் கவலற்க. இக்காலத்துக் கைத்தொலைபேசிகளின் கமராவே பெரும்பாலான படங்களுக்குப் போதும். ஆனால் ஓர் எச்சரிக்கை உண்டு. பல தொலைபேசிகளில் 0.5 என்று குறிக்கப்பட்ட அகல்கோண வில்லை ஒன்று இருக்கின்றது. பத்தடி அறையையும் அது மண்டபமாக்கிக் காட்டிவிடும். அதை நம்பி வந்தவர் கதவைத் திறந்ததும், பெட்டியை வைக்கவும் இடமில்லையே என எண்ணுவார். அறையின் அளவைக் காட்டச் சிறந்த வழி, அதில் ஒருவரை அமரச் செய்தலேயாம். மனித உருவம் அறைக்கு உண்மையான அளவுகோல். கட்டிலின் ஓரத்தில் ஒருவர் அமர்ந்து செருப்பைக் கழற்றும் படம், கட்டிலின் உயரத்தையும் நடக்கக்கூடிய வெளியையும் ஒருங்கே சொல்லிவிடும்.

படத்தில் தோன்றுபவர் கமராவைப் பார்த்துப் புன்னகைக்க வேண்டுவதில்லை. புன்னகைத்தால் பார்ப்பவரின் கண் அவர் முகத்திலேயே நின்றுவிடும். வீடு பின்னே மறையும். சாய்மனைக் கதிரையிற் சாய்ந்து வாசிப்பவரின் பக்கவாட்டுத் தோற்றம், கிணற்றடியில் வாளியைப் பற்றிய கை, முற்றத்தில் கோலமிடும் பெண்ணின் குனிந்த முதுகு என்பன போதும். பார்ப்பவர் அவ்விடத்தில் தம்மை வைத்து எண்ணிப் பார்க்க அத்தகைய படமே இடந்தரும். அன்றியும், அன்றாடம் அவ்வீட்டில் நிகழாத எதனையும் படத்துக்கெனப் புகுத்துதல் கூடாது. காலையில் இடியப்பமும் சொதியும் கொடுக்கும் வீடு, மேசையில் இறக்குமதிப் பழங்களையும் பாலாடைக் கட்டியையும் அடுக்கிப் படமெடுப்பது எதற்கு? இடியப்பத்தட்டும் சொதிக்கிண்ணமுமே அவ்வீட்டின் சிறப்பு. விருந்தினர் வேறெங்கும் காணமுடியாதது அதுதான்.

படங்களை அடுக்கும் முறையும் கவனிக்கத்தக்கது. முதற்படம் வீட்டின் உயிரைக் காட்டட்டும். நாற்சார் வீடாயின் காலை வெயில் விழும் முற்றம் அதற்குத் தகும். பின்னர், வருபவர் நடந்து வரும் ஒழுங்கிலேயே படங்கள் தொடரட்டும்: தெரு, படலை, விறாந்தை, முற்றம், படுக்கையறை, குளியலறை, குசினி, வளவு. குளியலறையின் படத்தை இடாது விடுவோர் பலர். பார்ப்பவரோ அதனையே தேடுவார், காணாவிடின் ஐயுறுவார். குளியலறை வீட்டுக்கு வெளியே இருப்பின் அதற்குச் செல்லும் பாதையையும் காட்டுதல் வேண்டும். படிகள் செங்குத்தாயின் அப்படிகளும், பேருந்து செல்லும் வீதி அருகிலாயின் அவ்வீதியும் படத்தில் இடம்பெறல் வேண்டும். முழங்கால் நோவுள்ள முதியவர் ஒருவர் படியின் படத்தைப் பார்த்து வேறு வீட்டைத் தெரிவாராயின், அது வீட்டுக்காரருக்கு இழப்பாகாது. இருசாராருக்கும் நேரவிருந்த துன்பம் நீங்கிற்று என்றே கொள்ளல் வேண்டும்.

பருவமும் ஒரு செய்தி. பாசிக்குடாவிலோ அறுகம்குடாவிலோ ஆடி மாதத்தில் எடுத்த கடலின் படம் மார்கழியில் வருபவருக்குப் பொருந்தாது. வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் கிழக்குக் கடல் கொந்தளிக்கும், மழையும் பெய்யும். நுவரெலியாவில் நீலவானத்தோடு எடுத்த படத்தைக் கண்டு மெல்லிய ஆடையோடு வந்தவர் குளிரில் நடுங்குவார். மழைக்காலத்துப் படங்களையும் சேர்த்து, எந்த மாதத்தில் எடுத்ததென்பதைப் படத்தின் கீழ் எழுதிவைத்தல் நேர்மை. விறாந்தையில் அமர்ந்து மழையைப் பார்த்திருப்பவரின் படமும் அழகுடையதே. மழையைத் தேடி வருபவரும் உலகில் உளர்.

இனி, படத்திற் தோன்றும் மனிதரைப் பற்றிச் சிந்தித்தல் வேண்டும். வாழ்க்கையைக் காட்ட வேண்டுமென்னும் ஆவலில், பிறருடைய வாழ்க்கையை அவர் அறியாமலே எடுத்துக்கொள்வது எளிதில் நேரும் பிழை. மலைநாட்டுத் துரைமார் பங்களாக்கள் பல இன்று விடுமுறை வீடுகளாகியுள்ளன. இத்தகைய இடங்களின் விளம்பரங்களிற் கொழுந்து பறிக்கும் பெண்களின் படம் அடிக்கடி காணப்படும். கூடையைச் சுமந்த அப்பெண், தம் படம் பங்களா வாடகைக்கு விளம்பரமாவதை அறிவாரா? அவரிடம் அனுமதி கேட்கப்பட்டதா? அவர் உழைப்பில் ஒரு நிமிடத்தை நிறுத்தியதற்கு ஏதேனும் கொடுக்கப்பட்டதா? தலைமுறை தலைமுறையாக அம்மலைகளைப் பசுமையாக்கியவர்கள், அறையின் யன்னலுக்கு அப்பால் தெரியும் அலங்காரமாக மாத்திரம் காட்டப்படுவது அறமன்று. கேட்டு, அவர் உடன்பட்டு, உரிய ஊதியமும் கொடுத்து எடுத்த படத்திலே நிமிர்வு தெரியும். களவாய் எடுத்த படத்தில் அது தெரியாது. இவ்விதி வீட்டிற் சமைக்கும் அம்மாவுக்கும், தோட்டத்தைக் கூட்டும் ஐயாவுக்கும், அயல்வீட்டுப் பிள்ளைகளுக்கும் பொருந்தும். பிள்ளைகளின் படத்தை விளம்பரத்துக்கு இடாது விடுதலே பாதுகாப்பு. கோயிலின் உள்வீதியும் வழிபடுவோர் முகமும் எவருடைய வாடகை வீட்டுக்கும் விளம்பரப் பொருளல்ல.

முகங்கள் வேறொரு வகையிலும் பேசும். 2014ஆம் ஆண்டில் ஹார்வர்ட் வணிகக் கல்லூரியைச் சேர்ந்த ஆய்வாளர் இருவர், நியூயோர்க் நகர வீடுகளையும் வீட்டுக்காரரின் படங்களையும் வாடகையையும் ஒப்பிட்டு நோக்கினர். ஏனைய அம்சங்கள் ஒத்திருந்தும், கறுப்பினத்தவரல்லாத வீட்டுக்காரர் பெற்ற வாடகை, கறுப்பின வீட்டுக்காரர் பெற்றதிலும் ஏறத்தாழ 12 வீதம் கூடுதலாயிருந்தது என்று கண்டனர். 2018ஆம் ஆண்டில் எயார்பிஎன்பி நிறுவனம், விருந்தினரை ஏற்றுக்கொண்ட பின்னரே அவருடைய முகப்படம் வீட்டுக்காரருக்குத் தெரியுமாறு விதியை மாற்றியது. நம்பிக்கையை வளர்க்க இட்ட முகப்படம், வேற்றுமைக்கும் கதவைத் திறந்துவிட்டது என்பதே இதன் பாடம். வாழ்க்கைக்காட்சிப் படங்களில் ஒரே நிறத்தாரும் ஒரே தோற்றத்தாருமே எப்பொழுதும் அமர்ந்திருப்பின், மற்றவர்கள் இது தமக்குரிய வீடன்று எனச் சொல்லாமலே உணர்ந்துகொள்வர். முதியவரும் இளையவரும், உள்நாட்டாரும் வெளிநாட்டாரும் அமர்ந்து மகிழும் வீடாயின், படமும் அதனைச் சொல்லட்டும்.

வாக்குறுதியை மீறினால் நேர்வது யாது? சட்டம் ஒருபுறம் நிற்கின்றது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம், வாங்குவோரைப் பிழையாக வழிநடத்தும் நடத்தையைத் தடுக்கின்றது. விருந்தினர் இல்லங்களைப் பதிவு செய்வதற்கு, 2005ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சுற்றுலாச் சட்டத்தின் கீழ் அமைந்த இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபை உள்ளது. பதிவு செய்த வீடு என்னும் சான்றிதழை விறாந்தையில் மாட்டி, அதனையும் படத்திற் சேர்த்தல் நம்பிக்கையை வளர்க்கும். ஆயினும் சட்டத்தினும் விரைந்து தண்டிப்பவர் விருந்தினரே. வீடு படத்தோடு பொருந்தவில்லையெனின், கண்ட 72 மணித்தியாலத்துள் முறையிட்டு மாற்றிடமோ பணமோ கோர, 2022ஆம் ஆண்டில் எயார்பிஎன்பி வகுத்த விதி இடமளிக்கின்றது. புறப்பட்ட 14 நாளுக்குள் அவர் எழுதும் கருத்துரை படத்தின் அருகிலேயே நெடுங்காலம் நிற்கும். அழகிய படம் ஒருவரை ஒருமுறை அழைத்து வரலாம். அவர் மனம் வெறுத்து எழுதும் இரண்டு வரி, வரவிருந்த பத்துப் பேரைத் திருப்பி அனுப்பிவிடும்.

இக்காலத்தில் ஆசையைத் தூண்டும் கருவிகளும் பெருகியுள்ளன. கருமேகத்தை நீலவானாக்கவும், வாடிய புல்லைப் பசும்புல்லாக்கவும், வெற்றறையில் இல்லாத கட்டிலையும் மேசையையும் நிரப்பவும் கணினி ஒரு நிமிடத்தில் உதவும். முன்னாளில் கிளையை வெட்டிப் பிடிக்க ஓர் ஆளாவது வேண்டியிருந்தது; இன்று அதுவும் வேண்டியதில்லை. இருளைச் சற்றே வெளிச்சமாக்கலாம். சாய்ந்த சுவரை நிமிர்த்தலாம். கண் கண்டதைக் கமரா காணத் தவறியவிடத்துத் திருத்தலாம். ஆனால் வீட்டில் இல்லாத ஒன்றைச் சேர்த்தலும், இருக்கின்ற மின்கம்பத்தையோ அயலிலுள்ள கட்டட வேலையையோ அழித்தலும் திருத்தமாகா.

படம் காட்டாத ஒரு தரப்பும் உண்டு; அஃது அயலவர். எந்த நியூயோர்க் நகரில் படங்கள் முதன்முதல் வருவாயை இரட்டித்தனவோ, அதே நகரில் 2023ஆம் ஆண்டு செப்ரெம்பர் முதல் கடுமையான விதிகள் நடைமுறைக்கு வந்தன. முப்பது நாளுக்குக் குறைந்த வாடகைக்கு வீட்டை விடுபவர் நகரசபையிற் பதிவு செய்தல் வேண்டும். விருந்தினர் தங்கும்போது தாமும் அங்கே இருத்தல் வேண்டும். இருவருக்கு மேல் ஏற்றல் ஆகாது. குடியிருப்பு வீடுகள் விடுதிகளாக மாறியதால் நகரத்தார் வாழ வீடு அரிதாயிற்று என்னும் குறையே அவ்விதிகளுக்குக் காரணம். தூங்கும் அயலவரையும், தண்ணீரைப் பகிரும் ஊரையும் மறந்த வீடு, படத்தில் எத்துணை அழகாயினும் நெடுநாள் நிலையாது. வாழ்க்கையைக் காட்டுபவர் அவ்வாழ்க்கை நிகழும் ஊரையும் மதித்தல் வேண்டும்.

நாற்சார் வீட்டுக்கே மீண்டு செல்க. வீட்டுக்காரர் படங்களை நேர்மையாக எடுத்து இட்டுவிட்டார். முதல் விருந்தினர் ஒருநாள் மாலை புகைவண்டியால் வந்து இறங்கி, முச்சக்கர வண்டியிற் படலையடிக்கு வருகின்றார். கணவனும் மனைவியும் ஒரு வயது முதிர்ந்த தாயுமாக மூவர். தாயார் விறாந்தையில் ஏறுகின்றார். படத்திற் கண்ட மூன்று படிகளே அங்கே இருக்கின்றன. சாய்மனைக் கதிரை அதே மூலையில் இருக்கின்றது. முற்றத்தில் விளக்கேற்றும் நேரம். அவர் பையைக் கீழே வைத்துவிட்டு, எவரும் சொல்லாமலே அக்கதிரையில் அமர்ந்து, முன்னரும் வந்து பழகியவர் போலக் காலை நீட்டிக்கொள்கின்றார். வீட்டுக்கார அம்மா தேநீர் கொண்டுவர உள்ளே போகின்றார்.